காய்ச்சலே இல்லை, பிறகு எதற்கு மலேரியா மாத்திரை? (கர்ப்பம், 17ஆவது வாரம்)

#1 தூரதேசத்தான்

வணக்கம். ஒரு சந்தேகம், கூடவே கொஞ்சம் கோபமும்.

வேலை காரணமாக நானும் மனைவியும் ஆப்பிரிக்காவில், ஆண்டு முழுவதும் மலேரியா இருக்கும் ஒரு பகுதியில் இருக்கிறோம். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவளுக்கு இது முதல் கர்ப்பம். நேற்று செக்கப்புக்குப் போனோம். விரலில் குத்தி மலேரியா பரிசோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. காய்ச்சலும் இல்லை. அப்படியும் செவிலியர் மூன்று மாத்திரைகளைக் கையில் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, தன் கண் முன்னாலேயே விழுங்க வைத்தார். அட்டையில் "எஸ்பி 1" என்று எழுதினார். அடுத்த மாதம் "எஸ்பி 2" உண்டாம், அதற்கடுத்த மாதமும் உண்டாம்.

வீடு வந்ததும் அவளுக்குக் கொஞ்சம் குமட்டல், எனக்கு நிறைய எரிச்சல். நோய் இல்லை என்று அவர்களே சோதித்துச் சொல்லிவிட்டு, அந்த நோய்க்கே மருந்தும் கொடுத்தால் என்ன அர்த்தம்? கர்ப்பத்தில் தலைவலி மாத்திரைக்கே பத்து முறை யோசிக்கிறோம். அம்மாவிடம் போனில் சொன்னால், "அடுத்த தடவை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு வெளியே வந்து துப்பிவிடச் சொல்லு" என்கிறார்.

துப்பலாமா, விழுங்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தழைமருந்து

அம்மா சொல்வதுதான் சரி. பரிசோதனையில் இல்லை என்றால் இல்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வேண்டாத ரசாயனம் எதற்கு? கொசுவலை கட்டுங்கள், பொழுது சாயும்போது கதவு ஜன்னலைச் சாத்துங்கள். போதும்.

#3 பழைய தாதி

தம்பி, துப்பச் சொல்லாதீர்கள்.

நான் மகப்பேறு செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் சில வருடங்கள் உங்களைப் போலவே மலேரியா அதிகம் உள்ள ஊரில் வேலை பார்த்தேன். அங்கே சில பிரசவங்களில் நஞ்சுக்கொடி வெளியே வரும்போது வழக்கமான சிவப்பில் இருக்காது, கருத்துப்போய் இருக்கும். மலேரியாக் கிருமி சிவப்பணுவைத் தின்று போட்ட கழிவு அந்தக் கருநிறம். தாயைக் கேட்டால், "எனக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் வந்ததில்லையே" என்பார். பொய் இல்லை, உண்மையிலேயே வந்திருக்காது. ஆனால் குழந்தை இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும்.

இதுதான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது. கர்ப்பத்தில் மலேரியா என்றால் குளிர், நடுக்கம், காய்ச்சல் என்று மட்டும் நினைக்காதீர்கள். கிருமி தாயின் உடம்பில் சுற்றுவதை விட்டுவிட்டு நஞ்சுக்கொடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தாய்க்கு ஒன்றும் தெரியாது, கொஞ்சம் சோர்வு, கொஞ்சம் ரத்தசோகை, அவ்வளவுதான். குழந்தைக்குப் போக வேண்டிய உணவும் பிராணவாயுவும் அங்கேயே தட்டுப்படும். விளைவு எடை குறைவு, குறைப்பிரசவம், சில சமயம் வயிற்றிலேயே இறப்பு. 2500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைக்கு முதல் மாதத்தைத் தாண்டுவதே பெரிய பாடு.

காய்ச்சல் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் குழந்தைக்கு நேரவேண்டியது நேர்ந்திருக்கும். அதனால்தான் குறித்த இடைவெளியில், நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே கொடுப்பது.

#4 ஆய்வக எலி

அக்கா சொன்னதற்கு ஆய்வக பக்கத்திலிருந்து ஒரு வால்.

"பரிசோதனையில் இல்லை என்றால் இல்லை" என்பது இந்த விஷயத்தில் மட்டும் செல்லாது. ரேபிட் டெஸ்ட்டாக இருந்தாலும், கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவிப் பார்ப்பதாக இருந்தாலும், நாங்கள் பார்ப்பது விரல் நுனி ரத்தத்தை. கிருமிகள் உட்கார்ந்திருப்பது நஞ்சுக்கொடியில். விரலில் ஓடும் ரத்தத்தில் மிகக் குறைவாக இருந்தால் சோதனைக்கு எட்டாது.

ஏன் அங்கே போய் உட்கார்கின்றன என்பது சுவாரசியமான கதை. பால்சிபாரம் வகைக் கிருமி நுழைந்த சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒரு புரதம் முளைக்கும், பெயர் வார்2சிஎஸ்ஏ. நஞ்சுக்கொடியில் காண்ட்ராய்டின் சல்பேட் ஏ என்று ஒரு பொருள் உண்டு. இரண்டும் கொக்கியும் வளையமும் மாதிரி மாட்டிக்கொள்ளும். இப்படி ஒட்டுகிறது என்று 1996இல்தான் கண்டுபிடித்தார்கள், புரதத்தின் அடையாளம் அதற்கும் பிறகு தெளிந்தது.

முதல் கர்ப்பம் ஏன் அதிக ஆபத்து என்பதும் இதிலேயே இருக்கிறது. சிறு வயதிலிருந்து மலேரியாவோடு வளர்ந்த பெண்ணுக்குப் பொதுவான எதிர்ப்புச் சக்தி ஓரளவு இருக்கும். ஆனால் நஞ்சுக்கொடி என்ற உறுப்பே அவர் உடம்பில் முன்பு இருந்ததில்லை. அதனால் அந்தக் கொக்கிக்கு எதிரான எதிர்ப்புப் புரதமும் இருக்காது. இரண்டாவது, மூன்றாவது கர்ப்பத்தில் மெல்ல மெல்ல வரும்.

இதன் மறுபக்கம்: மலேரியா வந்து சிகிச்சை எடுத்தவருக்கு, கிருமி செத்த பிறகும் சில வாரங்களுக்கு ரேபிட் டெஸ்ட் பாசிட்டிவ் காட்டலாம். அதைப் பார்த்து மறுபடி பயப்பட வேண்டாம். தகட்டில் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

#5 தூரதேசத்தான்

நன்றி அக்கா, நன்றி எலி அண்ணா. பரிசோதனை விஷயம் இப்போது புரிகிறது. ஆனால் மருந்து? அந்த எஸ்பி என்பது என்ன? குழந்தைக்கு ஆகாதா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

#6 தழைமருந்து

நானும் அதைத்தான் கேட்கிறேன். எஸ்பியில் எஸ் என்பது சல்ஃபா. சல்ஃபா மருந்தைக் கடைசி மாதங்களில் கொடுத்தால் பிறக்கும் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்து மூளைவரை பாதிக்கும் என்று மருத்துவப் புத்தகத்திலேயே இருக்கிறது. இது நான் கட்டிவிட்ட கதை இல்லை.

#7 பழைய தாதி

கதை இல்லைதான், நியாயமான கேள்வி. பிறந்த குழந்தைக்கு நேரடியாகச் சில சல்ஃபா மருந்துகளைக் கொடுத்ததில் அந்தப் பிரச்சினை வந்தது. அந்தப் பயத்தைத் தாய் எடுக்கும் எஸ்பிக்கும் நீட்டிக்கொண்டார்கள். ஆனால் இந்த முறையில் இத்தனை வருடங்களாக மருந்து எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் அந்தப் பாதிப்பு பார்க்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் பிரசவம் வரைக்கும் கொடுக்கலாம் என்றே சொல்கிறது.

எஸ்பி என்பது சல்ஃபாடாக்சின், பைரிமெத்தமைன் இரண்டும் சேர்ந்த மாத்திரை. ஒரு வேளைக்கு மூன்று மாத்திரை, மொத்தம் 1500 மில்லிகிராம் சல்ஃபாடாக்சின், 75 மில்லிகிராம் பைரிமெத்தமைன். முதல் மூன்று மாதம் கொடுக்க மாட்டார்கள். 13ஆவது வாரத்திலிருந்து ஒவ்வொரு செக்கப்பிலும் ஒரு வேளை. இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு மாத இடைவெளி. பிரசவத்துக்குள் குறைந்தது மூன்று வேளை போயிருக்க வேண்டும், அதற்கு மேலும் போகலாம். முன்பெல்லாம் இரண்டு வேளை போதும் என்றிருந்தார்கள், 2012இல்தான் மாற்றினார்கள். வெறும் வயிற்றிலும் போடலாம். குமட்டல், தலைசுற்றல் சிலருக்கு வரும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும்.

கண் முன்னால் விழுங்கச் சொன்னது உங்களை அவமதிக்க இல்லை தம்பி. வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் அம்மாவே சொல்லிவிட்டாரே.

இரண்டு பேருக்கு இது கூடாது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், எச்ஐவி காரணமாகத் தினமும் கோட்ரைமாக்சசோல் எடுப்பவர்கள். கோட்ரைமாக்சசோலிலும் சல்ஃபா இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் பக்கவிளைவு கூடும். அவர்களுக்கு அந்த மருந்தே மலேரியாவையும் ஓரளவு தடுக்கும்.

#8 எண்ணும் எழுத்தும்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், ஆய்வு முடிவுகளைக் கொஞ்சம் புரட்டினேன். 2013இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், இரண்டு வேளை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், மூன்று வேளையும் அதற்கு மேலும் எடுத்தவர்களின் குழந்தைகள் சராசரியாக 56 கிராம் கூடுதல் எடை. வெறும் 56 கிராம்! ஒரு சோப்புக் கட்டியின் எடைகூட இல்லை. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

#9 ஆய்வக எலி

சராசரி என்பது ஏமாற்றுக்காரன். நஞ்சுக்கொடியில் கிருமியே போகாத தாய்மார்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் குழந்தைகளுக்கு ஒரு கிராம்கூடக் கூடியிருக்காது. பாதிக்கப்பட்டிருக்க வேண்டியவர்களுக்குக் கிடைத்த பெரிய லாபத்தை எல்லார் மீதும் பரப்பிவிட்டால் 56 என்று வரும்.

நீங்கள் புரட்டிய அதே ஆய்வில் அடுத்த வரியையும் பாருங்கள். எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பார்க்க வேண்டிய எண் அது.

#10 எண்ணும் எழுத்தும்

பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன். சோப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பரிகாரமாக இன்னொரு கணக்கு. 2022இல் ஆப்பிரிக்காவில் மலேரியா மிதமாகவோ அதிகமாகவோ உள்ள நாடுகளில் சுமார் 3.54 கோடி கர்ப்பங்கள், அவற்றில் சுமார் 1.27 கோடியில் மலேரியாத் தொற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மூன்றில் ஒன்றுக்கும் மேல். அதே ஆண்டில் மூன்று வேளை எஸ்பி கிடைத்த பெண்கள் 42 சதவீதம்தான்.

#11 பழைய தாதி

அந்த 42க்குக் காரணம் பெண்கள் துப்புவது மட்டும் இல்லை. பாதிப்பேர் முதல் செக்கப்புக்கே ஐந்தாம் ஆறாம் மாதத்தில்தான் வருவார்கள். வந்தால் மாத்திரை இருப்பு இருக்காது. இருந்தால் குடிக்கத் தண்ணீர்க் குவளை இருக்காது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு முழு மாதம் எஸ்பி வராமல், அட்டையில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

சரி, தம்பி, ஒரு கேள்வி. உங்கள் மனைவி வேறு என்னென்ன மாத்திரை எடுக்கிறார்? பெட்டியைப் பார்த்து அளவோடு எழுதுங்கள்.

#12 தூரதேசத்தான்

இரும்புச் சத்து மாத்திரை ஒன்று. கால்சியம் ஒன்று. போலிக் ஆசிட் 5 மில்லிகிராம் ஒன்று. போலிக் ஆசிட் மட்டும் ஊரிலிருந்து வரும்போதே மொத்தமாக வாங்கி வந்தோம்.

#13 பழைய தாதி

நான் பயந்தது அதற்குத்தான். அந்த 5 மில்லிகிராம் எஸ்பியின் வேலையைக் கெடுக்கும். நாளைக்கே செவிலியரிடமோ மருத்துவரிடமோ பெட்டியோடு போய்க் காட்டுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், அவர்கள் மாற்றித் தரட்டும். வழக்கமாகக் கர்ப்பத்தில் தேவைப்படுவது 0.4 மில்லிகிராம்தான், அதற்கும் எஸ்பிக்கும் சண்டை இல்லை.

#14 ஆய்வக எலி

காரணம் எளிது. எஸ்பியில் இருக்கும் இரண்டு மருந்துகளும் மலேரியாக் கிருமி தனக்கு வேண்டிய ஃபோலேட்டைத் தயாரிக்க விடாமல் இரண்டு இடத்தில் மறிக்கின்றன. கிருமிக்குச் சமையலறையைப் பூட்டிவிடுகிறோம். அப்புறம் நாமே 5 மில்லிகிராம் போலிக் ஆசிட்டை வாசலில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? 5 மில்லிகிராமும் அதற்கு மேலும் எஸ்பியோடு கொடுக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தெளிவான அறிவுரை.

ஆனால் ஒரு விஷயம். முன்பு தண்டுவடக் குறையோடு குழந்தை பிறந்தவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள் போன்ற சிலருக்கு 5 மில்லிகிராமை மருத்துவரே வேண்டும் என்றுதான் எழுதியிருப்பார். அவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

#15 இரண்டாவது இன்னிங்ஸ்

இரும்பு மாத்திரை பற்றியும் சொல்லுங்கள். இரும்பு கொடுத்தால் மலேரியாக் கிருமிக்குத் தீனி போடுவது மாதிரி என்று எனக்கு ஒருவர் சொன்னார். முதல் கர்ப்பத்தில் அதைக் கேட்டு நிறுத்தி, ஏழாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 7க்கு வந்து படுத்துவிட்டேன்.

#16 எண்ணும் எழுத்தும்

இந்தச் சந்தேகத்தையே சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. கென்யாவில் கர்ப்பிணிகளிடம் நடந்து 2015இல் வெளியானது. இரும்பு எடுத்தவர்களுக்கு மலேரியா கூடவில்லை. குழந்தைகளின் எடை சராசரியாக 150 கிராம் கூடியது. இந்த முறை சராசரியைக் கேலி செய்ய மாட்டேன்.

#17 தழைமருந்து

எல்லாம் சரி, எஸ்பிக்குக் கிருமிகள் பழகிவிட்டன என்று படித்தேனே? மருந்துக்கே மசியாத கிருமிக்கு மருந்து கொடுத்து என்ன பயன்?

#18 ஆய்வக எலி

நல்ல கேள்வி, இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் எஸ்பிக்கு மசியாத கிருமிகள் ஏராளம், உண்மை. அதனால் டைஹைட்ரோஆர்ட்டிமிசினின்-பைப்பராகுயின் என்ற வேறு மருந்தை மாதாமாதம் கொடுத்துப் பார்த்தார்கள். கென்யா, மலாவி, தான்சானியா மூன்று நாட்டிலும் நடந்த ஆய்வு, 2023இல் வெளியானது. எதிர்பார்த்தபடியே மலேரியா குறைந்தது. ஆனால் குழந்தைகள் என்று பார்த்தால் பழைய எஸ்பி எடுத்தவர்களின் குழந்தைகள்தான் நல்ல எடையோடு பிறந்தன!

மலேரியாவை ஒழிப்பது தவிர எஸ்பி வேறு ஏதோ நல்லதும் செய்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம். தாயின் உடம்பிலுள்ள வேறு சில பாக்டீரியாக்களை அடக்குவதாக இருக்கலாம் என்கிறார்கள். எனவே கிருமி பழகிவிட்டது என்பதற்காக எஸ்பியை இப்போதைக்குக் கைவிடவில்லை.

#19 தழைமருந்து

ஏதோ நல்லது செய்கிறது, எதுவென்று தெரியாது. இதையே நான் தழைக்குச் சொன்னால் சிரிப்பீர்கள்.

#20 ஆய்வக எலி

சிரிக்க மாட்டேன், ஆயிரக்கணக்கான தாய்மார்களிடம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தால்.

#21 மருந்துச்சீட்டு

மருத்துவராகச் சொல்கிறேன். இதுவரை யாரும் தொடாத ஒன்று இருக்கிறது, இந்த இழையிலேயே அதுதான் எனக்கு அவசரமாகப் படுகிறது.

பழைய தாதி அம்மா சொன்ன "காய்ச்சலே வராத மலேரியா" மலேரியாப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த பெண்களின் கதை. தூரதேசத்தான், உங்கள் மனைவி அங்கே வளர்ந்தவர் இல்லை. ஒன்றரை வருடத்தில் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. அவருக்கு மலேரியா வந்தால் சத்தமில்லாமல் வராது. வேகமாக முற்றும், ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், கர்ப்பம் கலையவும் கூடும். எஸ்பி அந்த ஊர்ப் பெண்களை மனதில் வைத்து வகுத்த திட்டம். எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கு அதை மட்டும் நம்ப முடியாது. வாராந்தர மெஃப்ளோகுயின் மாதிரி வேறு தடுப்பு மருந்து வேண்டுமா, அப்படியானால் எஸ்பியை என்ன செய்வது என்று பயண மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். டாக்சிசைக்ளின் மட்டும் கூடாது, அது குழந்தையின் பல்லுக்கும் எலும்புக்கும் ஆகாது.

காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம்.

#22 தூரதேசத்தான்

டாக்டர், இதைப் படித்ததும் கை நடுங்குகிறது. நாளை போலிக் ஆசிட் பெட்டியோடு போகிறேன், இதையும் கேட்கிறேன்.

#23 ஒன்பதாவது வாரம்

என் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது 9 வாரம். அடுத்த மாதம் மலேரியா உள்ள நாட்டுக்கு உறவினர் வீட்டுக்கு இரண்டு வாரம் போவதாக இருந்தது. போகலாமா? அங்கே போய் முதல் மூன்று மாதத்துக்குள் மலேரியா வந்தால் மருந்தே கிடையாது என்கிறார்களே?

#24 மருந்துச்சீட்டு

தள்ளிப்போட முடிந்த பயணம் என்றால் தள்ளிப்போடுங்கள். முடியாது என்றால் போவதற்கு முன்பே தடுப்பு மருந்துக்காக மருத்துவரைப் பாருங்கள்.

மருந்தே கிடையாது என்பது தவறு. முதல் மூன்று மாதத்தில் பால்சிபாரம் மலேரியாவுக்கு முன்பு குயினைனும் கிளிண்டாமைசினும் கொடுத்தார்கள். ஏழு நாள், காதில் இரைச்சல், வாந்தி என்று பாவம், பலர் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அறிவுரையை மாற்றியது. இப்போது முதல் மூன்று மாதத்திலும் ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் கொடுக்கலாம், மூன்று நாளில் முடியும். நோய் முற்றிவிட்டால் எந்த மாதமானாலும் ஊசி வழியாக ஆர்ட்டிசுனேட். தாயைக் காப்பாற்றினால்தான் பிள்ளை.

#25 இரண்டாவது இன்னிங்ஸ்

நான் இருக்கும் இடத்தில் மலேரியா உண்டு, ஆனால் எஸ்பி கொடுக்கவே இல்லை. எனக்கு வந்தது வைவாக்ஸ் என்ற வேறு வகை மலேரியா என்றார்கள். வாராவாரம் குளோரோகுயின் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே பேசுவதற்கும் எனக்குத் தருவதற்கும் சம்பந்தமே இல்லையே?

#26 மருந்துச்சீட்டு

உங்களுக்குத் தருவதும் சரிதான். மலேரியா குறைவாக உள்ள பகுதிகளில் எல்லாக் கர்ப்பிணிக்கும் மருந்து கொடுப்பதைவிட, காய்ச்சல் கண்டவரை உடனே சோதித்துச் சிகிச்சை கொடுப்பதே வழக்கம்.

வைவாக்ஸின் குணம் வேறு. அது கல்லீரலில் உறங்கும் வடிவம் ஒன்றை விட்டுவைக்கும், சில வாரமோ மாதமோ கழித்து மறுபடி எழும். உறங்குவதைக் கொல்ல பிரைமாகுயின் உண்டு, ஆனால் கர்ப்பத்தில் கொடுக்கக் கூடாது. வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும், அதைப் பிறக்கும் முன் சோதித்துப் பார்ப்பது வழக்கத்தில் இல்லை. அதனால் பிரசவம் வரை குளோரோகுயினால் அது எழாமல் அமுக்கி வைப்பது, உறங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்வது. பிரசவத்துக்குப் பிறகு பிரைமாகுயின் பற்றி நீங்களே மருத்துவருக்கு நினைவுபடுத்துங்கள். கையில் குழந்தையோடு அலையும்போது எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

#27 பழைய தாதி

கொசுவலையை யாரும் பேசவே இல்லை. தழைமருந்து முதல் பதிலிலேயே சொன்னார், அதில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மருந்து தடவிய வலையால் ஆப்பிரிக்காவில் முதல் சில கர்ப்பங்களில் எடை குறைந்த பிறப்பு ஏறக்குறைய கால் பங்கும், கரு இழப்பு மூன்றில் ஒரு பங்கும் குறைந்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. வலையா மாத்திரையா என்று கேட்காதீர்கள், இரண்டும். வலை முதல் நாளிலிருந்தே. எஸ்பி கொடுக்க முடியாத அந்த முதல் மூன்று மாதத்துக்கு வலைதான் துணை.

கர்ப்பிணியைக் கொசுவுக்கு அதிகம் பிடிக்கும் என்பதும் கற்பனை இல்லை. காம்பியாவில் சோதித்து 2000இல் வெளியிட்டார்கள். மலேரியா பரப்பும் கொசுக்கள் கர்ப்பிணிகளிடம் இரண்டு மடங்கு வந்தன. மூச்சு அதிகம் விடுகிறார், வயிற்றுப்பகுதி சற்றே சூடாக இருக்கிறது, அது போதும் கொசுவுக்கு. இரவில் சிறுநீர் கழிக்க நாலு முறை எழுந்து வலையை விட்டு வெளியே போக வேண்டியிருப்பது வேறு.

#28 தூரதேசத்தான்

அந்த நாலு முறை உண்மை. வலையை நான்தான் திரும்பச் செருக வேண்டும், தூக்கத்தில் பாதி நேரம் மறந்துவிடுகிறேன். கொசு விரட்டும் களிம்பு தடவலாமா?

#29 மருந்துச்சீட்டு

டீட் என்ற கொசுவிரட்டி மருந்து உள்ள களிம்பைத் தடவலாம். தாய்லாந்தில் நாலாம் மாதத்துக்கு மேலே இருந்த கர்ப்பிணிகள் தினமும் தடவிய ஆய்வில் தாய்க்கும் குழந்தைக்கும் தீங்கு எதுவும் தென்படவில்லை. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் வேண்டாம். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை முழுக்கைச் சட்டை.

#30 தூரதேசத்தான் *(ஐந்து மாதம் கழித்து)*

இழையை மறக்கவில்லை. மகள் பிறந்து இருபது நாள் ஆகிறது. 2 கிலோ 940 கிராம்.

போலிக் ஆசிட்டை மறுநாளே 0.4க்கு மாற்றினார்கள். பெட்டியைப் பார்த்த செவிலியர், இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டார். வேறு தடுப்பு மருந்து பற்றியும் ஒரு மருத்துவரிடம் போனோம். அவர் எங்கள் பகுதியையும் இவளது பழைய நோய்களையும் விசாரித்துவிட்டு ஒரு முடிவெடுத்தார். அதை இங்கே எழுதினால் யாராவது அப்படியே செய்துவிடுவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். அம்மாவிடம் நஞ்சுக்கொடி கருப்பாகும் கதையைச் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவரே போன் செய்து, "இந்த மாசம் போட்டாளா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது வேறு பயம். நேற்றிலிருந்து குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை, உடம்பு லேசாகச் சுடுகிறது. பிறந்த குழந்தைக்கு மலேரியா வருமா?

#31 மருந்துச்சீட்டு

வரும். தாயிடமிருந்து பிரசவ நேரத்தில் தொற்றியிருந்தால் பெரும்பாலும் பத்து முதல் முப்பது நாளுக்குள் தெரியும். சுரம், பால் குடிக்காமை, வெளிறிப்போவது, மஞ்சள். வேறு கிருமித் தொற்றும் இதே மாதிரிதான் இருக்கும், வீட்டில் வைத்துப் பிரித்தறிய முடியாது. பதிலுக்குக் காத்திருக்காமல் இப்போதே கிளம்புங்கள். மலேரியாவுக்கும் சேர்த்து ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். தாய்ப்பாலில் மலேரியா பரவாது, கொடுத்துக்கொண்டே இருங்கள்.

#32 பழைய தாதி

கிளம்பிவிட்டீர்களா? போகும்போது குழந்தையை அம்மாவின் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு போங்கள்.

#33 ஆய்வக எலி

அவர் வரும் வரைக்கும், வேறு யாருக்காவது பயன்படலாம் என்று எழுதுகிறேன். இவ்வளவு சின்னக் குழந்தைக்கென்று அளவு வகுத்த மலேரியா மருந்தே சமீபம் வரை இல்லை. பெரிய குழந்தைகளின் மாத்திரையை உடைத்துக் கொடுத்தார்கள். 2025 ஜூலையில் நோவார்ட்டிஸின் கோஆர்டெம் பேபி என்ற மருந்துக்கு சுவிட்சர்லாந்தின் சுவிஸ்மெடிக் ஒப்புதல் கொடுத்தது. 2 கிலோவிலிருந்து 5 கிலோவுக்குள் உள்ள குழந்தைகளுக்கானது. மலேரியாத் தடுப்பூசிகள் ஆர்டிஎஸ்எஸ், ஆர்21 இரண்டும் குழந்தைக்கு ஐந்தாம் மாதத்திலிருந்துதான்.

#34 தூரதேசத்தான்

வந்துவிட்டோம். மலேரியா இல்லை, ரேபிட், தகடு இரண்டிலும். தொப்புளில் லேசான தொற்று, அதற்கு மருந்து ஆரம்பித்து இரண்டு நாள் அங்கேயே வைத்திருக்கிறார்கள். இப்போது பால் குடிக்கிறாள்.

எலி அண்ணா, பிரசவத்தன்று நஞ்சுக்கொடியைப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. எனக்கென்ன தெரியும், ஆனாலும் பார்த்தேன்.

#35 பழைய தாதி

படுக்கையில் வலை இருக்கிறதா?

#36 தூரதேசத்தான்

ஓட்டையோடு ஒன்று இருந்தது. வீட்டிலிருந்து எங்களுடையதைக் கொண்டுவரப் போய்க்கொண்டிருக்கிறேன்.